டைல்ஸ் ஒட்டிய பிறகு எல்லாருமே பார்வையற்றவர்கள்தான்

வீட்டுச் சீரமைப்பு வேலைகளில் ஒன்றுக்கு மட்டும் விசித்திரமான குணம் உண்டு. நன்றாகச் செய்திருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது. மோசமாகச் செய்திருந்தாலும் அடுத்த பெருமழை வரைக்கும் தெரியாது. நீர்க்கசிவுத் தடுப்பு வேலையைத்தான் சொல்கிறேன். குத்தகையாளர்களும் நாமும் வாட்டர்புரூஃபிங் என்று சொல்லும் அதே வேலை. அதன்மேல் சிமெண்டு பூசுவார்கள், டைல்ஸ் ஒட்டுவார்கள், மண் போட்டு மூடுவார்கள். மூடிய பிறகு கண் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அங்கே ஒரு வேறுபாடும் இல்லை.

எனக்குப் பார்வை இல்லை. சரிவான நிலத்தில் கட்டிய வீட்டில் குடியிருக்கிறேன். சாலை மட்டத்திலிருந்து நான்கைந்து படி இறங்கினால் ஓர் அறை. அதன் பின்சுவர் முழுக்க மண்ணில் சாய்ந்திருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சிரம்பானிலும் பினாங்கிலும் மலைச்சரிவுகளில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. மேலைநாடுகளில் இதை பேஸ்மெண்ட் என்பார்கள். நாம் ‘கீழ் ரூம்’ என்கிறோம். அந்த அறையின் சுவரையும், அதற்கு மேலே உள்ள குளியலறைத் தரையையும் சரிசெய்ய ஆள் அமர்த்தியபோது, வேலை முடிந்த அன்று எனக்குக் கிடைத்த அறிக்கை இதுதான்: “அண்ணே, வீட்டுக்காரம்மாகிட்ட காட்டிட்டேன். நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. போட்டோவும் வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன்.”

அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘நல்லா இருக்கு’ என்பது எதற்கான சான்று? கறுப்பாக, பளபளப்பாக, ஒரே சீராகப் பூசப்பட்டிருக்கிறது என்பதற்கு. படலம் போதிய தடிப்பில் இருக்கிறதா, சுவரும் தரையும் சேரும் மூலையில் துணிநாடா வைத்துப் பூசினார்களா, தண்ணீர் நின்றால் தாங்குமா என்ற எந்தக் கேள்விக்கும் படத்தில் பதில் இல்லை. கண்ணால் பார்த்து ஒப்புதல் தரும் வழக்கம் நம் வீடுகளில் சோதனைக்கு மாற்றாக ஆகிவிட்டது. பார்வையற்ற வீட்டுக்காரருக்கு இது வெளிப்படையான இழப்பு. பார்வையுள்ளவருக்கும் அதே இழப்புதான். அவர் அதை உணர்வதில்லை.

தண்ணீர் எவ்வளவு கனம்?

சோதனை ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு முதல் காரணம் பௌதிகம். நின்ற தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் ஏறக்குறைய ஒரு டன் எடைக்கு நிகரான அழுத்தம் இருக்கும். சுவருக்குப் பின்னால் உள்ள மண் இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீரில் ஊறினால், சுவரின் அடியில் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே சதுர மீட்டருக்கு இரண்டு டன். மண்ணின் பாரம் தனி. கான்கிரீட்டோ நுண்ணிய துளைகள் நிறைந்த பொருள். அழுத்தம் இல்லாதபோதுகூட அது திரி போலத் தண்ணீரை உறிஞ்சும்.

இதனால்தான் அறையின் உட்புறத்தில் சாதாரணப் பெயிண்டு போல ஒன்றைத் தடவிவிட்டு வேலை முடிந்தது என்பது பெரும்பாலும் நிலைப்பதில்லை. பின்னாலிருந்து வரும் தண்ணீர் அந்தப் பூச்சைச் சுவரிலிருந்து தள்ளிக் கொப்புளமாக்கிவிடும். வெளிப்புறத்தில், அதாவது மண் பக்கத்தில், பூசப்படும் படலத்தை அதே தண்ணீர் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. உட்புறத்தில்தான் வேலை செய்ய முடியும் என்றால் அதற்கென்று உள்ள சிமெண்டு வகைப் பூச்சு வேண்டும். அதற்கும் முன்னால், சுவருக்குப் பின்னே தண்ணீர் தேங்காமல் வடிய வழி வேண்டும்: ஜல்லி, துளையிட்ட குழாய், மண் புகாதபடி சுற்றிய வடிகட்டித் துணி.

சரிவில் தேங்கும் நீர் பெயிண்டு உரியும் பிரச்சினை மட்டுமன்று. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். மலைச்சரிவின் வடிகால் சீர்கெட்டு மண்ணில் நீர் ஏறியதும் அந்தப் பேரிடரின் காரணங்களுள் ஒன்று. நம் வீட்டுச் சுவர் அந்த அளவில் இல்லை என்றாலும் அங்கே வேலை செய்வது அதே தண்ணீர்தான்.

கைக்கு ஈரம் தெரியாது

‘கண் இல்லாதவர்களுக்குத் தொடு உணர்வு அதிகம், கையால் தடவினாலே ஈரம் தெரிந்துவிடும்’ என்று சிலர் பாராட்டாகச் சொல்வார்கள். அறிவியல் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மனிதத் தோலில் ஈரத்தை உணரும் தனி உறுப்பு இல்லை. குளிர்ச்சியையும் வழுக்கலையும் சேர்த்து மூளைதான் ‘இது ஈரம்’ என்று ஊகிக்கிறது. அதனால் குளிர்ந்த காய்ந்த சுவர் ஈரமாகத் தோன்றும். உடல் சூட்டுக்கு நெருங்கிய வெதுவெதுப்பில் இருக்கும் ஈரம் கைக்குத் தப்பிவிடும்.

நம் ஊர்க் காற்று இதை இன்னும் குழப்புகிறது. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 26 பாகைக்குக் குளிர்ந்தாலே தண்ணீராகப் படியத் தொடங்கும். குளிர்சாதனம் ஓடும் அறையின் சுவர் 24 பாகையில் இருக்கும்போது கதவைத் திறந்து வைத்தால் சுவர் வியர்க்கும். அது கசிவு அன்று. சில குத்தகையாளர்கள் உண்மையான கசிவையும் ‘இது வியர்வைதான்’ என்று தள்ளிவிடுவதற்கும், சில வீட்டுக்காரர்கள் வியர்வையைக் கசிவென்று சண்டை போடுவதற்கும் இதுவே காரணம்.

இரண்டையும் பிரிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு முழச் சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிறகு முதலில் தாளின் வெளிப்புறத்தை ஒரு டிஷ்யூத் தாளால் துடையுங்கள். அடுத்து நாடாவைப் பிரித்து உட்புறத்தை வேறொரு டிஷ்யூவால் துடையுங்கள். வெளியே நனைந்தால் காற்றின் ஈரம். உள்ளே நனைந்தால் சுவரிலிருந்து வருவது. தோல் ஏமாறும் இடத்தில் தாள் ஏமாறாது: காய்ந்த டிஷ்யூ கசக்கினால் சரசரக்கும், நனைந்தது சத்தமின்றிக் குழைந்து கிழியும். கண் தேவைப்படாத இந்தச் சோதனை கண்ணைவிடத் தெளிவாகப் பதில் சொல்கிறது.

காது, மூக்கு, அவற்றின் எல்லைகள்

பழுதுபார்ப்பவர்கள் நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். அடியில் சிமெண்டு நிரம்பியிருந்தால் கெட்டியான சத்தம். வெற்றிடம் இருந்தால் டொக்கென்று ஒலிக்கும். இதில் பார்வையற்றவர்களுக்குப் பழக்கம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த ஒலி டைல்ஸ் ஒட்டிய தரத்தைச் சொல்லும். அதற்கும் கீழே உள்ள படலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தட்டிப் பார்த்தேன், வாட்டர்புரூஃபிங் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூக்கு இன்னும் நுட்பமானது. மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள் தண்ணீரில் ஒரு டிரில்லியனில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். ஆனால் எந்த வாசனையும் சில நிமிடங்களில் பழகிப்போய் மறைந்துவிடும். ஆகவே கீழ் அறையைக் கதவடைத்து இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் வெளியே கொஞ்ச நேரம் நின்றபின் உள்ளே நுழையுங்கள். அந்த முதல் மூச்சுதான் கணக்கு. ஐந்தாவது நிமிடத்தில் வரும் கருத்துக்கு மதிப்பில்லை.

கை விரல்களுக்கும் வேலை உண்டு. சுவரில் மாவு போல உதிரும் உப்புப் பூத்திருந்தால், தண்ணீர் சுவருக்குள் ஊடுருவி உலர்ந்திருக்கிறது என்று பொருள். கொப்புளம், மூலையில் விட்டுப்போன இடம், குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி ஆகியவற்றை விரல் எளிதில் காணும். படலம் தரையோடு நின்றுவிடாமல் சுவரில் ஏறியிருக்க வேண்டும். எவ்வளவு உயரம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி, காய்ந்தபின் சாணால் அளந்துகொள்ளலாம். ஆனால் மூன்று எச்சரிக்கைகள். ஈரச் சிமெண்டு கடுமையான காரத்தன்மை கொண்டது, தோலைப் புண்ணாக்கும். காயாத படலத்தைத் தொட்டால் உங்கள் விரலே அதில் ஓட்டை போட்டுவிடும். மின்சார இணைப்புக்கு அருகே நனைந்த சுவரை மின்சாரத்தை நிறுத்தாமல் தொடவே கூடாது.

தண்ணீரையே சாட்சி சொல்ல வைப்பது

இத்தனைக்கும் மேலான சோதனை, தண்ணீர் விட்டுப் பார்ப்பதுதான். குளியலறைத் தரைக்கு இதை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டும். வடிகால் வாயை அடைத்து, ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, 24 மணி நேரம் விடுவார்கள். மட்டம் இறங்கக் கூடாது. கீழ்த்தளக் கூரையில் ஈரம் வரக் கூடாது.

மட்டம் இறங்கியதா என்பதைப் பார்வையற்றவர் எப்படி அறிவது? குவளையில் தேநீர் ஊற்றும்போது நாங்கள் விளிம்பில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவி ஒன்று உண்டு. தண்ணீர் அதன் கம்பிமுனைகளைத் தொட்டதும் பீப் ஒலி எழுப்பும். சுவரில் ஓர் இடத்தைக் குறித்து, முனைகள் தண்ணீரைத் தொடும்படி அதை மாட்டுங்கள். ஒலி வந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். மறுநாள் அதே இடத்தில் மாட்டும்போது ஒலி வரவில்லையென்றால் மட்டம் இறங்கியிருக்கிறது. தடவி உணரும் கோடுகள் உள்ள அளவுகோலும் போதும்.

தண்ணீர் ஆவியாகவும் குறையும் அல்லவா? அதற்குத்தான் ஒரு வாளி. அதே குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து அதன் மட்டத்தையும் அதே முறையில் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலும் வாளியிலும் ஒரே அளவு குறைந்தால் ஆவியானது. தரையில் மட்டும் அதிகமாகக் குறைந்தால் படலமோ, வடிகால் அடைப்போ கசிகிறது. பள்ளி அறிவியல் கூடத்தில் ஒப்பீட்டுச் சோதனை என்று படித்தது இதுதான். ‘சூட்டுல தண்ணி வத்திருச்சு’ என்ற பதிலுக்கு இங்கே இடமில்லை.

தரையின் சரிவுக்கும் இதே நியாயம். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு என்றால் அது அரை பாகையைச் சற்றுத் தாண்டிய கோணம். கண்ணுக்கே தெளிவாகத் தெரியாது. கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலி முழுப் பாகைகளை மட்டும் சொல்லுமானால் அதுவும் உதவாது. தரையின் நான்கு மூலையிலும் கோலிக்குண்டை வைத்து விட்டுப் பாருங்கள். அது வடிகால் வாயை நோக்கி உருளும் சத்தத்தைக் கேட்டாலே போதும்.

மண்ணோடு சாய்ந்த சுவருக்குப் பின்னுள்ள வடிகாலையும் இப்படியே சோதிக்கலாம். மேல் முனையில் உள்ள திறப்பில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் சில வாளிகள் ஜல்லியை நனைக்கவே போய்விடும். பிறகு ஊற்றும்போது எத்தனை விநாடியில் கீழ் வாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது என்று எண்ணி, கைப்பேசியில் குரல்பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன் மறுபடியும் எண்ணுங்கள். நேரம் கூடியிருந்தால் குழாய் அடைபடத் தொடங்கியிருக்கிறது. தண்ணீர் இறைக்கும் பம்பு வைத்திருந்தால் குழியை நிரப்பி, மிதவை விசை ‘டக்’ என்று விழுவதையும் மோட்டார் ஓடி நிற்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

‘கண் உள்ள ஒருவரைக் கூட்டி வரலாமே’

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். எதற்கு இத்தனை சிரமம், தெரிந்த பொறியாளரையோ மேற்பார்வையாளரையோ வைத்துக்கொள்ளலாமே? வைத்துக்கொள்ளலாம், பெரிய வேலை என்றால் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். மயிரிழை விரிசல்களைக் காண்பது போன்ற சில காரியங்களுக்குக் கண் தேவை. 2015இல் தொடங்கிய ‘பி மை ஐஸ்’ போன்ற செயலி வழியாக முகம் தெரியாத தன்னார்வலர் ஒருவர்கூட அந்த உதவியைச் செய்வார். ஆனால் நல்ல பொறியாளர் வந்தாலும் அவர் செய்யப்போவது மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையைத்தான். அவர் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனால் அவருக்குக் கொடுத்த பணமும் வீண்.

இன்னொன்றும் உண்டு. வீடு என் பெயரில். கடன் என் பெயரில். மாதத் தவணை என் சம்பளத்தில். குத்தகையாளர் என் பக்கத்தில் நிற்பவரிடம் பேசிவிட்டு என்னிடம் கையெழுத்து மட்டும் வாங்குவது மரியாதைப் பிரச்சினையோடு நிற்பதில்லை. யார் எதைச் சோதித்தார் என்று தெரியாமலே பணம் கைமாறுகிறது என்பதுதான் அதன் பொருள். 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் தகவல் பெறும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அந்த உரிமை அரசு அலுவலக முகப்போடு முடிந்துவிடக் கூடாது. நம் வீட்டு வாசலுக்கும் வர வேண்டும்.

எழுதி வாங்க வேண்டியவை

ஆகவே நான் வலியுறுத்துவது மூன்று காரியங்கள். ஒன்று, ஒப்பந்தத்தில் ‘மூடுவதற்கு முன் நிறுத்தம்’ என்றொரு வரி. 24 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை முடிந்து வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளும்வரை டைல்ஸ் ஒட்டுவதோ மண் மூடுவதோ கூடாது.

இரண்டு, பணத்தைச் சோதனைகளோடு கட்டிப்போடுவது. படலம் பூசியதும் ஒரு பகுதி, தண்ணீர்ச் சோதனை தேறியதும் ஒரு பகுதி, முதல் பெருமழைக்காலம் கசிவின்றிக் கடந்ததும் மீதி. நேர்மையான குத்தகையாளர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். தன் வேலை நிற்கும் என்று அவருக்குத் தெரியும். இப்படி எழுதி வைத்திருந்தால், தகராறு வரும்போது பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்திலும் கை ஓங்கும். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே முன்வைக்கலாம். ‘நல்லா இருக்குன்னு சொன்னாங்க’ என்பது அங்கே செல்லாது. ‘24 மணி நேரத்தில் தரையில் இத்தனை மில்லிமீட்டர், வாளியில் இத்தனை மில்லிமீட்டர்’ என்பது செல்லும்.

மூன்று, அளவீடுகளை எழுத்தாகவோ குரலாகவோ தருவது. படம் அனுப்புவதைத் தடுக்கவில்லை. அதனுடன் எந்தப் பொருள், எத்தனை பூச்சு, எந்தத் தேதி, எந்த அளவு என்று நான்கு வரி சேர்த்து அனுப்பினால் கைப்பேசி எனக்கு வாசித்துக் காட்டும். பார்வையுள்ள வீட்டுக்காரருக்கும் பத்து ஆண்டு கழித்து அது கையில் இருக்கும். கருவி செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுவரின் ஈரத்தை அளக்கும் மானிகள் பலவற்றில் திரையில் எண் மட்டுமே வருகிறது. உடல் வெப்பமானியும் சமையலறைத் தராசும் பேசும் காலத்தில் இந்த மானிகளும் பேசலாம்.

அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. அங்கே நம் குளியலறைத் தரை இன்னொருவரின் கூரை. சிங்கப்பூரில் புதிய வீவக வீட்டின் குளியலறைத் தரை, சுவர் டைல்ஸை முதல் மூன்று ஆண்டுகளுக்கு உடைத்து மாற்றக் கூடாது என்ற விதி இருப்பது, அதன் அடியில் உள்ள படலத்தைக் காப்பதற்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய படலம்தான் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் பேசிக்கொள்ளும் நிலையில் இருப்பார்களா என்பதையே தீர்மானிக்கிறது.

அடுத்த முறை வேலை முடிந்ததென்று யாராவது படத்தை நீட்டினால், ‘தண்ணீர் விட்டுப் பார்த்தீர்களா, எத்தனை மணி நேரம், எவ்வளவு குறைந்தது?’ என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்வியையும் கேட்கக் கண் தேவையில்லை. கண் இருப்பவர்களும் கேட்கத் தொடங்கினால், நம் ஊரில் எத்தனையோ கூரைகள் ஒழுகாமல் இருக்கும்.